காது என்னும் அளவுகோல்: பைனாகுலரில் கொம்பை மதிப்பிடுதல்

டெக்சஸில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர் துப்பாக்கியைத் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எதிரே நிற்கும் ஆண் மானின் இரு கொம்புகளுக்கும் இடைப்பட்ட உள்ளகலம் 13 இன்ச் இருக்கிறதா, இல்லையா? மாநிலத்தில் உள்ள 254 கவுண்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் இது சட்டம். அந்தக் கவுண்டிகளில் ஆண் மானைச் சுட வேண்டுமானால் உள்ளகலம் 13 இன்ச்சுக்குக் குறையக் கூடாது; அல்லது இரண்டு கொம்புகளில் ஒன்றாவது கிளைவிடாத ஒற்றைத் தண்டாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத மானைச் சுட்டவர் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம், ஆனால் அந்த மான் திரும்பி வராது. சுட்ட பிறகு டேப் வைத்து அளப்பதில் பயன் எதுவும் இல்லை. அளவை முன்கூட்டியே, நூறு இருநூறு கஜம் தள்ளியிருந்து, கண்ணாடி வழியே எடுத்தாக வேண்டும்.

இந்த விதி 2002-இல் ஆறு கவுண்டிகளில் சோதனையாகத் தொடங்கியது. அதுவரை அந்தப் பகுதிகளில் சுடப்பட்ட ஆண் மான்களில் பெரும்பகுதி ஒன்றரை வயதானவை, அதாவது முதல் கொம்பு முளைத்த வருடத்திலேயே விழுந்தவை. ஒன்றரை வயது மானின் கொம்பு பெரும்பாலும் 13 இன்ச் அகலத்தை எட்டுவதில்லை. ஆகவே அந்த எண்ணைக் கோடாக வைத்தால் இளம் மான்கள் தப்பும், வயதானவை கிடைக்கும் என்பது டெக்சஸ் பூங்கா வனவிலங்குத் துறையின் கணக்கு. கணக்கு பலித்ததால் விதி மற்ற கவுண்டிகளுக்கும் பரவியது. கொம்பின் அகலத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த வேட்டைக்காரர்தான் இந்த விதியை உயிரோடு வைத்திருக்கிறார். துறை அலுவலர் ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் நிற்க முடியாது.

உங்கள் கவுண்டியில் விதி உண்டா என்பதைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விதிமுறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நில மேலாண்மைத் திட்டத்தில் பதிவு செய்த பண்ணைகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு உள்ள இடத்திலும் இந்தப் பார்வையைப் பழகிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

காதின் அளவு

மானின் தலையில் கொம்பு ஒன்றுதான் நிலையில்லாதது. ஒவ்வொரு வருடமும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். வயதுக்கும் தீனிக்கும் அந்த வருடத்து மழைக்கும் ஏற்பக் கூடும், குறையும். காதும் கண்ணும் மூக்கும் அப்படியல்ல. வளர்ந்த மானில் அவற்றின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தெரிந்த அளவை வைத்துத் தெரியாத அளவைக் கணிக்கிறோம், அவ்வளவுதான். டெக்சஸ் வெள்ளைவால் மான் உஷாராகிக் காதுகளை விறைத்து நிமிர்த்தும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை சுமார் 13 இன்ச். சட்டத்தின் எண்ணும் காதின் எண்ணும் ஒன்றாக அமைந்திருப்பது வேட்டைக்காரருக்குக் கிடைத்த பெரிய வசதி.

ஆனால் இந்த எண்ணை வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வடபகுதி மான் உடம்பில் பெரியது. பூன் அண்ட் கிராக்கெட் கிளப் சராசரி வெள்ளைவால் மானுக்குக் காது நுனி இடைவெளி 16 இன்ச் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த 16-ஐ மனதில் வைத்துக்கொண்டு டெக்சஸ் மானைப் பார்ப்பவர், காது நுனிக்குச் சற்று உள்ளே அடங்கிய கொம்பை 14 இன்ச் என்று எண்ணிவிடுவார். உண்மையில் அது 12-கூட இருக்காது. வேட்டை நூல்களில் பெரும்பாலானவை வடக்கத்திய மானை வைத்து எழுதப்பட்டவை என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பார்க்க வேண்டியது கொம்பின் உள்விளிம்பு. நம் கண் இயல்பாக வெளிவிளிம்பில்தான் போய் நிற்கும், ஏனென்றால் வானத்தின் வெளிச்சத்தில் அதுதான் பளிச்சென்று தெரியும். தண்டு ஒவ்வொன்றும் ஒரு இன்ச்சுக்கு மேல் பருமன் உள்ளது. வெளிவிளிம்பு காது நுனிக்கு நேராக இருந்தால் உள்ளகலம் பதினொன்றுக்கும் கீழே போயிருக்கும். ஆகவே விதியை இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு காது நுனிக்கும் வெளியே, காதுக்கும் தண்டுக்கும் நடுவில், கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் 13-ஐத் தாண்டியது. காதை உரசிக்கொண்டு நின்றால், அல்லது ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் தெரியாவிட்டால், விட்டுவிடுங்கள்.

காது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மேயும் மான் காதைத் தளர்த்தி இரு பக்கமும் சாய்த்திருக்கும். அப்போது நுனிகள் விலகிப்போய், சட்டத்துக்கு உட்பட்ட மானும் சிறியதாகத் தோன்றும். இதனால் ஒரு வாய்ப்பு போகலாம், வேறு கெடுதல் இல்லை. எதிர்த்திசைப் பிழைதான் ஆபத்து. வேறொரு ஆண் மானோடு முறைத்துக்கொண்டு நிற்கும்போது காதைப் பின்னால் மடித்துக் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அளவுகோலே சுருங்கிவிடும், பத்து இன்ச் கொம்பும் காதைத் தாண்டி நிற்பதாகத் தெரியும். மான் நிமிர்ந்து, காதை விறைத்து, உங்கள் பக்கம் நேராகப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் அளக்கும் நேரம். அதற்காகக் காத்திருக்க வேண்டும். பெண் மான் ஒன்று மூக்கொலி எழுப்பினாலோ, காக்கை ஒன்று கத்தினாலோ அது தானாகவே நடக்கும்.

பக்கவாட்டில் நிற்கும் மானின் அகலத்தை யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். பக்கவாட்டில் தெரிவது தண்டின் நீளம், கிளைகளின் உயரம், வயது ஆகியவை. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அகலம் தெரியும், ஆனால் கொம்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். விலகிப் போகிற மான், நேரமும் குறைவு, மனம் அவசரப்படுகிறது, கொம்போ மிகைப்பட்டுத் தெரிகிறது. இந்த நான்கும் ஒன்றுசேரும் இடம் அது. தலையைக் குனிந்து நம்மை நோக்கி மேயும் மானிலும் இதே மிகை உண்டு. கொம்பு முன்னால் சரிந்து முகத்தைவிட நமக்கு நெருக்கமாக வந்துவிடுவதுதான் காரணம்.

ஒரு இன்ச் முனை

சட்டத்தின் இரண்டாவது வழி, கிளைவிடாத கொம்பு. கேட்பதற்கு எளிது. ஆனால் டெக்சஸ் விதிப்படி தண்டிலிருந்து ஒரு இன்ச் நீண்டு நிற்கும் எதுவும் ஒரு முனை. தண்டின் நுனியும் முனையாகவே எண்ணப்படும். அதனால் ஒற்றைத் தண்டு என்று நீங்கள் நினைத்த கொம்பில், அடிப்பக்கத்தில் நெற்றியை ஒட்டி ஒரு இன்ச் புருவக்கிளை முளைத்திருந்தால் அது கிளைவிட்ட கொம்பு. நெற்றி மயிருக்குள் பாதி மறைந்து நிற்கும் அந்தச் சிறு முளையைப் பார்ப்பதற்குத்தான் நல்ல கண்ணாடி வேண்டும்.

எவ்வளவு நல்ல கண்ணாடி? கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். நல்ல பார்வையுள்ள கண், நல்ல வெளிச்சத்தில், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். நூறு கஜத்தில் ஒரு இன்ச் பொருள் ஏறக்குறைய அந்தக் கோணத்தையே தருகிறது. அதாவது வெறுங்கண்ணின் எல்லை அங்கேயே முடிகிறது. இருநூறு கஜத்தில் அது பாதியாகக் குறையும், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 8 மடங்கு பைனாகுலரில் அதே இருநூறு கஜத்து இன்ச், எல்லையைப் போல் நான்கு மடங்காகத் தெரியும். 10 மடங்கில் ஐந்து மடங்கு. இது போதுமானது. ஆனால் கை நடுங்கினால் இதில் பெரும்பகுதி போய்விடும். மங்கிய வெளிச்சத்தில் இன்னும் போகும். ஆகவே டெக்சஸ் புதர்க்காட்டில் அதிக உருப்பெருக்கத்தைத் தேடிப் போவதைவிடக் கண்ணாடியை அசையாமல் நிறுத்தக் கற்றுக்கொள்வதே மேல். மறைப்பறையின் ஜன்னல் விளிம்பில் மணல் பை ஒன்றை வைத்து அதன்மேல் பைனாகுலரை அழுத்திப் பாருங்கள். அதே கண்ணாடியில், அதுவரை தெரியாத முனைகள் தெரியும்.

எந்தக் கண்ணாடி

பைனாகுலரில் எழுதியிருக்கும் 8×42, 10×42 ஆகியவற்றில் முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42-இல் அது 5.25 மி.மீ., 10×42-இல் 4.2. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்கு 5-ஐ ஒட்டி நின்றுவிடும். டெக்சஸில் சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை சுட அனுமதி. மான் நடமாடுவதும் பெரும்பாலும் அந்த விளிம்பு நேரங்களில்தான். ஆகவே நூற்றைம்பது கஜத்துக்குள் பார்க்கும் ஒருவருக்கு 8×42-ஐத்தான் நான் சொல்வேன். படம் அசைவது குறைவு, காட்சிப் பரப்பு அதிகம், அந்தியில் இன்னும் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். தெற்கு டெக்சஸில் புதரை வெட்டி நீளமாகப் போட்டிருக்கும் சென்டெரோ பாதைகளில் நானூறு ஐநூறு கஜத்துக்குப் பார்க்க வேண்டியிருந்தால் 10×42 எடுங்கள், முக்காலியோடு.

விலை ஏற ஏற எது கூடுகிறது என்று பலர் கேட்பார்கள். கொம்பைப் பொறுத்தவரை பதில் தெளிவானது. மலிவான லென்ஸில் வெளிறிய வானத்தை ஒட்டிய எந்த விளிம்பிலும் ஊதா, பச்சை நிறக் கசிவு படியும். கொம்பை நாம் பார்ப்பதே பெரும்பாலும் வானத்தின் எதிரில்தான். ஒரு இன்ச் முனையை அந்தக் கசிவு மூடிவிடும். ஈடி கண்ணாடி என்று குறிப்பிடப்படும் குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடி இந்தக் கசிவைக் குறைக்கிறது. கடையில் வாங்கும்போது தெருவிளக்குக் கம்பத்தையோ, கட்டடத்தின் மேல்விளிம்பையோ வானத்தின் எதிரில் வைத்துப் பாருங்கள். அங்கே நிறம் கசிந்தால் கொம்பிலும் கசியும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் லென்ஸிலிருந்து கண் விலகி நிற்க வேண்டிய தூரம் 15 மி.மீ.க்குக் குறையாத பைனாகுலரையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காட்சியின் ஓரம் முழுக்கக் கறுப்பு வளையமாகிவிடும்.

வாங்கிய முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் வருடக்கணக்கில் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். வலது முன்லென்ஸை மூடிவிட்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணால் தூரத்துக் கிளை ஒன்றைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள டயாப்டர் வளையத்தைத் திருப்பி அதே கிளையைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையத்தின் நிலையைக் குறித்து வையுங்கள். இரண்டு கண்ணுக்கும் பார்வை வேறுபாடு உண்டு. அதைச் சரிசெய்யாத பைனாகுலர் எவ்வளவு விலையானாலும் மங்கலாகத்தான் காட்டும், அரை மணியில் தலைவலியும் வரும்.

குளிர்காலக் காலையில் குளிர்ந்துபோன கண்ணாடியை மூச்சு படும்படி முகத்தருகே வைத்தால் கண்பக்க லென்ஸ் பனித்துப்போகும். மூச்சு அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியின் ஸ்கோப் பார்ப்பதற்கு அல்ல

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரைபிளின் மேல் பொருத்தியிருக்கும் ஸ்கோப்பும் உருப்பெருக்கும், உண்மைதான். ஆனால் அது வழியே எதைப் பார்த்தாலும் குழல் அதை நோக்கியே நீள்கிறது. புதருக்குள் அசைவது மானா, பக்கத்து நிலத்து வேட்டைக்காரரா என்று தெரிந்துகொள்ள ஸ்கோப்பைத் தூக்குபவர், ஒரு மனிதரை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பியிருக்கிறார் என்று பொருள். அடையாளம் காண்பதும் அளப்பதும் முடிவெடுப்பதும் பைனாகுலரில் முடிந்துவிட வேண்டும். ஸ்கோப் கடைசியில், சுடுவதற்கு மட்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டைக் கல்விப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சியிலும் இதே பாடம் வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் துப்பாக்கியையே இங்குதான் முதலில் தொடுகிறார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை உண்டு. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு மாமாவோ தாத்தாவோ இருக்க மாட்டார். அதனால்தான் இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

புதருக்குள் தேடுதல்

மெஸ்கீட், லைவ் ஓக், சீடர், சப்பாத்திக்கள்ளி இவை அடர்ந்த நிலத்தில் முழு மான் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மரங்கள் எல்லாம் நெட்டுக்கு நிற்கும். மானின் முதுகு கிடைக்கோடு. அந்தக் கோட்டைத் தேடுங்கள். கறுப்பு மூக்கு, ஈரமான கண், ஒரு காது சட்டென்று திரும்புவது, இவை கண்ணில் படும். கொம்பைத் தேடினால் மெஸ்கீட் கிளைகள்தான் கொம்புகளாகத் தெரியும். ஒரு நுட்பம் சொல்கிறேன். குவியத்தை முன்புதரில் வைத்து, சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே பின்னால் போங்கள். அருகிலுள்ள கிளைகள் கரைந்து மங்கி, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் மான் மட்டும் கூர்மையாக எழுந்து வரும். வெறுங்கண்ணுக்குச் சுவராகத் தெரிந்த புதரைப் பைனாகுலர் இப்படி அடுக்கடுக்காகத் திறந்து காட்டும்.

வயது முதலில், கொம்பு பிறகு

கண்ணாடியில் மான் சிக்கியதும் எல்லோரும் கொம்பைப் பார்க்கிறார்கள். முதலில் உடம்பைப் பாருங்கள் என்பேன். கொம்பில் விழுந்த மனம் பிறகு உடம்பைச் சரியாகப் பார்க்காது. ஒன்றரை வயது ஆண் மான், கொம்பை மறைத்துவிட்டுப் பார்த்தால், பெண் மான் போலவே இருக்கும்: மெல்லிய கழுத்து, நீண்ட கால், ஒட்டிய வயிறு. மூன்றரையில் மார்பு ஆழமாகி இடுப்பு ஒடுங்கி, பந்தயக் குதிரையின் உடம்புவாகு வரும். ஐந்தரைக்கு மேல் கழுத்து பருத்து மார்போடு ஒன்றாகிவிடும், வயிறு தொங்கும், முதுகு சற்று உள்வாங்கும், அதனால் கால்கள் குட்டையாகத் தோன்றும். இணைசேரும் பருவத்தில் பின்னங்கால் மூட்டின் உட்புறச் சுரப்பி கறுத்து ஒழுகியிருக்கும். எட்வர்ட்ஸ் பீடபூமியில் அந்தப் பருவம் நவம்பரில், தெற்கு டெக்சஸில் டிசம்பர் நடுவில். கழுத்து அப்போது எல்லா ஆண் மானுக்கும் வீங்கும், அதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

ஐந்தரை, ஆறரை வயதில்தான் கொம்பு உச்சத்துக்கு வரும். மூன்று வயதில் அழகாக இருக்கும் கொம்பை விட்டுவைத்தால் இரண்டு வருடத்தில் அது வேறாகிவிடும். வறட்சியில் மெலிந்த கொம்பும், நல்ல மழை வருடத்தில் கனத்த கொம்பும் ஒரே மானின் தலையில் முளைப்பதுண்டு. பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியும்.

மதிப்பெண் போடுவது

சட்டத்துக்கு அகலம் போதும். கொம்பின் முழு அளவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பூன் அண்ட் கிராக்கெட் முறையைக் கற்கலாம். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெலும் நிறுவிய கிளப் இது. இன்று வழக்கில் உள்ள அளவுமுறை 1950-இல் வந்தது. உள்ளகலம், இரண்டு தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு இடத்தில் தண்டின் சுற்றளவு, இவை அனைத்தையும் இன்ச்சின் எட்டில் ஒரு பங்குத் துல்லியத்தில் அளந்து கூட்டுவார்கள். இரு பக்கமும் சமமில்லாவிட்டால் வித்தியாசத்தைக் கழிப்பார்கள். கொம்பை 60 நாள் உலரவிட்ட பிறகே அதிகாரபூர்வ அளவு எடுக்கலாம்.

கண்ணாடி வழியே செய்யும்போது எட்டில் ஒரு பங்கெல்லாம் வேண்டாம். பத்து முனை மான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காது நுனிக்கு வெளியே பக்கத்துக்கு இரண்டு இன்ச் விலகி நிற்கிறது: அகலம் 17. பக்கவாட்டில் திரும்பும்போது தண்டின் நுனி மூக்கை நோக்கி நன்றாக முன்னே வந்து நிற்கிறது: பக்கத்துக்கு 21, மொத்தம் 42. புருவக்கிளை 4 வீதம் 8. அடுத்த கிளை காதைவிட நன்கு உயரம், 9 வீதம் 18. அதற்கடுத்தது 8 வீதம் 16. கடைசிச் சிறு கிளை 4 வீதம் 8. தண்டின் பருமனுக்குக் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள்; மானின் கண்ணைச் சுற்றிய அளவு சுமார் 4 இன்ச். கண்ணின் அகலத்துக்குத் தண்டு தெரிந்தால் அங்கே சுற்றளவு 4. எட்டு இடத்துக்கும் சேர்த்து 31 அல்லது 32 என்று போடலாம். கூட்டினால் சுமார் 140. டெக்சஸில் எந்தப் பண்ணையிலும் பேசப்படும் மான் அது. கிளப்பின் நிரந்தரப் பதிவேட்டில் இடம்பெற இயல்பு வடிவக் கொம்புக்கு 170 வேண்டும். கனடாவின் சஸ்காட்செவனில் 1993-இல் மைலோ ஹான்சன் எடுத்த உலகச் சாதனை மானுக்கு 213 5/8.

சுட்ட பிறகு அருகே போய்ப் பார்த்தால் கொம்பு நினைத்ததைவிடச் சிறியதாக இருப்பது எல்லா வேட்டைக்காரர்களும் பேசும் ஏமாற்றம். அதற்குக் காரணம் பெரும்பாலும் கிளைகளை எண்ணியதுதான், அளந்தது அல்ல. பத்து முனை என்றதும் மனம் பெரிய மான் என்று முடிவுகட்டிவிடுகிறது. இரண்டு இன்ச் கிளைகள் பத்து இருந்தாலும் பத்துதான்.

மேற்கே போகிறவர்களுக்கு

கொலராடோ, யூட்டா, நெவாடா பக்கம் மியூல் மான் வேட்டைக்குப் போனால் மேலே சொன்னதில் பாதி மாறும். அங்கே நிலம் திறந்த மலை. தூரம் ஆயிரம் கஜம் சாதாரணம். ஆயிரம் கஜத்தில் ஒரு இன்ச், வெறுங்கண் எல்லையில் பத்தில் ஒரு பங்கு. 10 மடங்கு பைனாகுலர் அதைச் சரியாக எல்லைக்குத்தான் கொண்டுவரும். 30 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் எல்லையைப் போல் மூன்று மடங்கு. ஆகவே அங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்கும்: முக்காலியில் வைத்த 10 அல்லது 15 மடங்கு பைனாகுலரில் தேடுவது, கண்டதை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் மதிப்பிடுவது. 60 மடங்கு வரை போகும் ஸ்கோப்பில் 60-ஐத் தொடும் நாட்கள் குறைவு. 80 மி.மீ. லென்ஸில்கூட அந்த நிலையில் ஒளிக்கற்றை 1.3 மி.மீ.தான், அந்தியில் இருட்டாகிவிடும். பகலிலோ சூடான பாறையிலிருந்து எழும் காற்றலை படத்தைக் கலக்கிவிடும். கொம்பு நெளியத் தொடங்கினால் உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

மியூல் மானின் காது பெரியது, நுனி இடைவெளி 20 முதல் 22 இன்ச். கொம்பின் அமைப்பும் வேறு. வெள்ளைவால் மானில் ஒரே தண்டிலிருந்து கிளைகள் மேல்நோக்கி வரிசையாக எழும்; மியூல் மானில் தண்டு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும். முன்கவட்டையும் பின்கவட்டையும் எவ்வளவு ஆழம் என்பதுதான் அங்கே முதல் பார்வை. மேற்கில் ஒரு பக்கத்து முனைகளை மட்டும் எண்ணுவார்கள், டெக்சஸில் இரண்டு பக்கமும் சேர்த்து. வழிகாட்டி உங்களிடம் நான்கு முனை மான் என்று சொன்னால் குழம்ப வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் முன்கூட்டியே போய்ப் பார்க்கிறவர்கள் கொம்பை வெல்வெட் போன்ற தோல் மூடிய நிலையில் காண்பார்கள். அந்தத் தோல் பருமனைக் கூட்டிக் காட்டும். செப்டம்பரில் அது உரிந்த பிறகு கொம்பு மெலிந்து தெரிந்தால் வியப்படையாதீர்கள்.

பயிற்சி

வேட்டைக்காலம் தொடங்க ஒரு மாதம் முன்னதாக, கெட்டி அட்டையில் மான் தலையின் முன்பக்க வடிவை வெட்டுங்கள். காது நுனி இடைவெளி 13 இன்ச். 11, 12, 13, 14, 15 இன்ச் உள்ளகலத்தில் கொம்பு அட்டைகளைத் தனித்தனியாக வெட்டி அதில் மாற்றிப் பொருத்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரை நூறு கஜத்தில் நிற்கச் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அளவைச் சொல்ல வேண்டும். பிறகு நூற்றைம்பது, இருநூறு. பிறகு இதையே சூரியன் மறைந்த பின் கால் மணியில். 12-க்கும் 13-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாத தூரமும் வெளிச்சமும் எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் மானைச் சட்டம் அனுமதித்தாலும் நீங்கள் சுட வேண்டாம்.

டெக்சஸில் கொம்பு முளைத்த மான் எல்லாவற்றுக்கும் 13 இன்ச் விதி பொருந்தாது. 1932-இல் டெக்சஸுக்குக் கொண்டுவரப்பட்ட நம் புள்ளிமான் இன்று ஹில் கன்ட்ரி முழுக்கச் சுதந்திரமாகத் திரிகிறது. ஆக்சிஸ் என்று இங்கே பெயர். வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் அதற்கு வேட்டைக்காலமும் இல்லை, 13 இன்ச் கணக்கும் இல்லை. உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் போதும். முதுமலையிலோ கிண்டியிலோ பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை: வளர்ந்த பிறகும் புள்ளி மறையாத உடல், பக்கத்துக்கு மூன்று முனை, பின்னோக்கிச் சாய்ந்து எழும் நீண்ட தண்டு. வெள்ளைவால் மானில் புள்ளி குட்டிகளுக்கு மட்டுமே. புள்ளிமானில் அகலத்தைப் பார்க்காதீர்கள், தண்டின் நீளத்தைப் பாருங்கள். 30 இன்ச்சைத் தொட்டால் இங்குள்ளவர்கள் அதைப் பெரிய கொம்பு என்பார்கள். நீளத்தைப் பக்கவாட்டில்தான் மதிப்பிட முடியும். இந்த மானுக்குக் குறிப்பிட்ட இணைசேர் பருவம் இல்லாததால் ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்பும், தோல் மூடிய கொம்பும், கொம்பு உதிர்ந்த தலையும் ஒன்றாக நிற்கும். ஆகவே கூட்டத்தைக் கண்டதும் ஒவ்வொரு தலையாகக் கண்ணாடியை நகர்த்தி, தண்டின் மேல் தோல் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் முற்றிய கொம்புகள் அதிகம் கிடைக்கும்.